தொப்பியில் துணிப்பட்டை சுற்ற பசை எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கபினி காட்டுக்குப் போகிறோம். என் கணவர் ரோமத்தை அழுத்திச் செய்த பழுப்பு நிற ஃபெல்ட்டில் அகல விளிம்பு வைத்த சஃபாரி தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் அந்தக் காலத்துத் தொப்பிகளில் இருப்பதுபோல மடிப்பு மடிப்பாகத் துணிப்பட்டை சுற்ற வேண்டும் என்கிறார். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் 1,800 ரூபாய் கேட்கிறார்கள். மெஷினில் வைத்து அழுத்திப் பசை போட்டால்தான் நிற்குமாம். மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை வைத்து நானே செய்யலாமா? மழையில் நனைந்தால் அவிழ்ந்துவிடுமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகச் செய்யலாம். அந்தக் கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் பசை விஷயத்தை முடித்துவிடுகிறேன். தொப்பியில் இந்தப் பட்டை வந்ததே வியர்வைக்கும் வெயிலுக்கும்தான். இந்தியாவின் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் நம் ஊர்த் தலைப்பாகையைப் பார்த்து, மெல்லிய மஸ்லின் துணியைத் தங்கள் தொப்பியில் சுற்றிக்கொண்டார்கள். சுற்றிய துணியை அவிழ்க்கலாம், துவைக்கலாம், மறுபடி சுற்றலாம். அதை ஒட்டிவைத்தால் எப்படித் துவைப்பீர்கள்? போதாததற்குச் சூடான பசை ஃபெல்ட்டுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு பிய்த்தால் ரோமமும் சேர்ந்து வரும். கம்பளி ஃபெல்ட்டுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் சுருங்குகிற குணம் வேறு. "அழுத்தும் மெஷின்" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டியும் க்ளூ கன்னும்தான். "லைஃப்டைம் கேரண்டி" என்றும் சொல்லியிருப்பாரே?

"ஏழு மடிப்பு, ஒரிஜினல் ரெஜிமென்ட் பட்டை" என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். ஏழு மடிப்பு ஆஸ்திரேலிய ராணுவத் தொப்பிக்கு உரியது. அங்கே ஆறு மாநிலங்களுக்கு ஆறு, பிரதேசங்களுக்கு ஒன்று என்று கணக்கு. உங்கள் வீட்டுக்காரருக்கு அது எதற்கு? இங்கே அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் எலாஸ்டிக் வைத்த பாலியெஸ்டர் வளையம். லேபிளில் மட்டும் சுத்தப் பருத்தி என்று போட்டிருக்கும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கருத்த மணிபோலக் கெட்டியாகும். ஆன்லைனில் விற்கும் பொருளுக்குத் தயாரித்த நாட்டைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. யார் போய்ப் பார்க்கிறார்கள்? நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் செய்யலாம்தான். முந்நூறு ரூபாய் வளையத்துக்கு அரை நாள் செலவழிக்க யாருக்கும் மனசு வராது என்பது விற்கிறவருக்கும் தெரியும்.

சரி, வேட்டிக்கு வருவோம். கடையில் வாங்கும் புதுத் துணியைவிட இது மேல். துவைத்துத் துவைத்து ஏற்கெனவே சுருங்கியிருக்கும், இனி தொப்பியின் மேல் சுருங்கி அதை இறுக்காது. கஞ்சி இருந்தால் முழுக்க அலசிவிடுங்கள். மழையில் பிசுபிசுக்கும், அலமாரியில் பூச்சியையும் இழுக்கும். கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். வெள்ளையாகக் காட்டுக்குள் போக வேண்டாம், மங்கலான நிறம்தான் அங்கே சரி. கெட்டியான தேயிலை டிகாக்‌ஷனில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். நல்ல மண்நிறம் கிடைக்கும். காய்ந்த பிறகு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கறை ஏறினால் இன்னொரு முறை அலச வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் வெட்டுவதில்தான் இருக்கிறது. நேராக வெட்டாதீர்கள், க்ராஸாக, அதாவது துணியின் மூலைவாட்டில் வெட்டுங்கள். தொப்பியின் மண்டை மேலே போகப்போகக் குறுகும். நேர் வெட்டுத் துணி அடியில் இறுகி, மேல் விளிம்பில் வாயைப் பிளந்து நிற்கும். க்ராஸ் துணி வளைந்து கொடுத்து ஒட்டி உட்காரும். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற எந்தத் தையல்காரருக்கும் இது தெரியும். எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று துண்டு வெட்டிச் சேர்த்தால் போதுமான நீளம் வந்துவிடும். இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து இஸ்திரி போட்டால் நான்கு சென்டிமீட்டர் பட்டை. ஆறு சுற்றுக்கு நாலு மீட்டர் போதும்.

இடது பக்கத்தில் ஆரம்பியுங்கள். முதல் சுற்று விளிம்பை ஒட்டி வரட்டும். அடுத்தது அதைவிட அரை சென்டிமீட்டர் மேலே ஏறி, கீழே முந்தைய சுற்றின் கோடு தெரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு இடத்தில் குண்டூசி. இழுத்துக் கட்டாதீர்கள், க்ராஸ் துணி நீண்டுகொண்டே போகும், பிறகு மண்டையை நெருக்கும். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை மூடாமல் அதற்குக் கீழேயே நிறுத்துங்கள், ஒரு சுற்று குறைந்தாலும் பரவாயில்லை. கடைசி முனையையும் இடது பக்கமே உள்ளே செருகுங்கள்.

பிறகு உள்பக்கம் இருக்கும் வியர்வைப் பட்டையை வெளியே மடித்துவிட்டு, அதன் பின்னால் முடிச்சு விழும்படி முன்னும் பின்னும் இரு பக்கமுமாக நாலே இடத்தில் தையல் போடுங்கள். வியர்வைப் பட்டையில் ஊசி படக் கூடாது. இந்த நாலு தையல் இருந்தால் மழையில் அவிழாது. நனைந்தால் நிழலில் காயவையுங்கள், ஹேர் ட்ரையர் பக்கமே போகாதீர்கள்.

உங்களுடையது ஃபெல்ட் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும், தாத்தா காலத்து சோலா தொப்பியைப் பரணில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியை எடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அது நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் கோயில் மாதிரி செதுக்குவார்களே, அதே நீர்ச்செடித் தண்டு. ஊசி குத்தினால் பொடியும், ஈரம் பட்டால் ஊதும், இஸ்திரிச் சூடு பட்டால் போயே போச்சு. அதில் தைப்பதானால் மேலே போர்த்தியிருக்கும் துணியோடு மட்டும் மேலாகத் தைக்க வேண்டும். அதுவும் போர்வைத் துணி இற்றிருந்தால் தைக்கவே வேண்டாம், பட்டையைச் சும்மா சுற்றி முனையைச் செருகினால் போதும். எது நெட்டி என்று சந்தேகமா? கையில் எடுத்தால் எடையே இருக்காது. வியட்நாம் தொப்பிகள் அதே உருவத்தில் இருக்கும், ஆனால் அழுத்திய அட்டை மாதிரியான பொருள், தட்டினால் டொக்கென்று கேட்கும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து "பிரிட்டிஷ் கால அசல்" என்று விற்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பட்டைக்கு மேல் "அசல் சிறுத்தைத் தோல் விளிம்பு வைத்துத் தருகிறேன்" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அங்கே நிற்காதீர்கள். அச்சடித்த துணி என்றால் பணம் மட்டும் போகும். நிஜத் தோல் என்றால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வனத்துறை கேட்டுக்குள் போகப்போவது உங்கள் கணவர், விற்றவர் இல்லை.