கடப்பாரை இறங்காத அடிமண்: கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து: விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) தென்னை வைக்கக் குழி எடுக்கிறேன். இரண்டடிக்குக் கீழே செம்புறை (கல்லாக இறுகிய செம்மண்), கடப்பாரை தெறிக்கிறது. ஜேசிபி விட்டு உடைக்கவா?

உடைக்கலாம். ஆனால் கீழேயிருந்து வரும் சரளையை மேலே பரப்பிவிடாதீர்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வையுங்கள், குழிக்குள் அதுதான் திரும்பப் போக வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் நாலடி இருக்கட்டும். குழியின் அடியில் 2 கிலோ கல்லுப்பு போட்டு ஆறு மாதம் விட்டால் செம்புறை இளகும். மார்கழியில் எடுத்த குழியில் ஆனியில் கன்று வைக்கலாம். அடியில் இரண்டு வரிசை தொண்டு (தேங்காய் மட்டை), குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். வாய் திறந்து கிடந்தால்தான் ஈரத்தைப் பிடிக்கும். கவிழ்த்து அடுக்கிய தோப்புகளையும் பார்த்திருக்கிறேன், பாதி வேலை வீண்.

தேரூரிலிருந்து: கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் நெல்தான். முக்கால் அடிக்குக் கீழே கல் போல ஓர் அடுக்கு. அடிமண்ணைக் கீறும் உளிக்கலப்பை ஓட்டலாமா?

நெல்லே தொடர்வதாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். வருஷக்கணக்காகத் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொளி உழவு அடித்து உண்டான அடுக்கு அது. வயலில் தண்ணீர் நிற்பதே அதனால்தான். உடைத்தால் குளத்துத் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்சக் கீழே இறங்கிவிடும்.

வாழைக்கு மாறுகிறீர்கள் என்றால் வேறு பேச்சு. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம். கலப்பை விரிசல்தான் போடும், அதை மூடாமல் வைத்திருப்பது மக்கிய எருவும் வேரும்தான். முக்கியமாக, அடிமண் காய்ந்திருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறாகத் திரிந்தால் பொறுங்கள், உதிர்ந்தால் ஓட்டுங்கள். நான் ஒரு தடவை மழை விட்ட மூன்றாம் நாளே டிராக்டரை இறக்கினேன். கலப்பைக் கொழு போன தடமெல்லாம் சாணி மெழுகின தரை போல வழுவழு என்று ஆகி, அந்த வருஷம் வேர் அதைத் தாண்டவே இல்லை.

தக்கலையிலிருந்து: ஆய்வகத்துக்குப் போகாமல் அடிமண் எப்படி என்று தெரியுமா?

இரண்டடிக் குழி வெட்டி வேரைப் பாருங்கள். நேரே இறங்கிய வேர் முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடினால், மடங்கிய இடத்தில்தான் தடை. அப்புறம், காய்ந்த கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் இருக்கும் டம்ளரில் போடுங்கள். கலக்க வேண்டாம். கட்டி அப்படியே நின்றால் நல்லது. உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மண்ணில் மக்கிய பொருள் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் சோடியம் இருக்கலாம், அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. மலையோரத்து மண் பெரும்பாலும் அமில மண். அந்த அமிலத்தைக் குறைக்க ஜிப்சம் உதவாது, சுண்ணாம்புதான்.

பூதப்பாண்டியிலிருந்து: களிமண்ணில் மணல் கலந்தால் இளகாதா?

கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல்லுக்குப் பிசைந்த மண் மாதிரி ஆகிவிடும். வேண்டாம்.

அருமனையிலிருந்து: எந்தப் பயிரின் வேர் ஆழத்தில் வேலை செய்யும்?

விளையில் கொழிஞ்சி. ஆணிவேர் நன்றாக இறங்கும். முடிந்ததும் பிடுங்காமல் தரையோடு அறுத்து விடுங்கள், வேர் உள்ளேயே மட்கி வழி விடும். சரிவில் மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கும்போது மண் பொலபொலவென்று வருகிறதே என்று மகிழாதீர்கள், அடுத்த மழையில் அந்த மண் ஓடையில் போகும்.

சுசீந்திரத்திலிருந்து: மண்புழு வாங்கி விடவா?

விற்கிற புழு உரக்குழிக்கானது, அடிமண்ணுக்குள் போகாது. மண்ணின் மேல் இலைதழை மூடாக்குப் போட்டு வையுங்கள், ஊர்ப் புழு தானே வரும்.