கேமரா நிற்க இடம் இருக்கிறதா?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். ஸ்டோரிபோர்ட் ஆர்ட்டிஸ்ட் ஆக ஆசை. பத்து வரி எழுதினால் ஏஐ பத்து விநாடியில் படம் தருகிறதே, இந்த வேலை இனி இருக்குமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: எடுக்கப் போகும் ஷாட்டுகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்ட். பதில், எந்த ஸ்டோரிபோர்ட் என்பதைப் பொறுத்தது. விளம்பரப் படத்துக்காக க்ளையன்ட் முன்னால் வைக்கும் வண்ண ஃப்ரேம்கள் ஒரு வகை. 8 அல்லது 12 படம், பளபளப்பான முகம், கையில் பொருள். பார்த்தவுடன் சம்மதம் வாங்குவதுதான் அதன் வேலை. இது ஏஐயின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதை மட்டும் நம்பித் தொழிலுக்கு வராதீர்கள்.

படப்பிடிப்புக்காக வரையும் ஷூட்டிங் போர்டு வேறு. அதைப் பார்த்து ஒளிப்பதிவாளர் லென்ஸ் முடிவு செய்கிறார். கலை இயக்குநர் எந்தச் சுவர் வரை செட் போடுவது என்று கணக்குப் போடுகிறார். ஸ்டன்ட் மாஸ்டர் கயிறு எங்கிருந்து வரும் என்று பார்க்கிறார். விஎஃப்எக்ஸ் கம்பெனி ஷாட்டை எண்ணி விலை சொல்கிறது. 1930-களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில், படங்களைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்ததிலிருந்து வந்த முறை இது. ஒரு தாளைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் குத்தினால் கதை எப்படி மாறுகிறது என்று நின்று பார்க்க முடிந்தது. அந்த வரிசையை முடிவு செய்பவருக்குத்தான் இன்றும் சம்பளம். படம் வரையும் வேகத்தை மட்டும் வளர்த்தால் ஏஐயோடு போட்டி போட வேண்டியிருக்கும். ஷாட்டை எங்கே வெட்டுவது, எந்த வரிசையில் வைப்பது என்று தெரிந்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் அம்மா நிற்கிறாள், ஜன்னலோரம் மகன், பஸ் கிளம்புகிறது. இந்தக் காட்சிக்கு ஏஐயில் 9 பேனல், அதாவது 9 ஸ்டோரிபோர்ட் கட்டங்கள், எடுத்தேன். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு. ஒளிப்பதிவாளர் பார்த்துவிட்டு, “இதை வைத்து ஒரு ஷாட்கூட எடுக்க முடியாது” என்றார். எங்கே தப்பு?
– உதவி இயக்குநர், சாலிகிராமம்

பதில்: அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஏஐ ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் செய்கிறது. ஒரே இடத்தில்தான் 9 கேமரா நிற்கின்றன என்பது அதற்குத் தெரியாது. இந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம்.

நம் ஊர் பஸ்ஸில் படிக்கட்டு இடப்பக்கம், ஸ்டியரிங் வலப்பக்கம். அம்மா படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பாள். அந்தப் பக்கத்தைப் பார்த்து நின்றால் பஸ்ஸின் முகம் நம் இடது கைப் பக்கம் இருக்கும். கிளம்பினால் திரையில் இடப்பக்கம்தான் போகும். உங்கள் பேனல்களில் ஒன்றிலாவது பஸ் வலப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். போனால் நீங்கள் பார்ப்பது டிரைவர் பக்கம். அங்கே அம்மா நிற்க நியாயமில்லை. ஏஐ பார்த்துப் பழகிய படங்களில் பிற நாட்டு பஸ்கள் ஏராளம் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

‘ஃபிளிப் செய்தால் போச்சு’ என்று படத்தை இடவலமாகத் திருப்பினால் அடுத்த தப்பு வரும். அம்மாவின் முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறும். மகனின் சட்டைப் பை வலது மார்புக்குப் போகும். பஸ்ஸின் ஊர்ப் பெயர் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகும். காஸ்ட்யூம் கன்டின்யுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் இதில் எதை நம்புவார்?

அடுத்தது பார்வை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்து, கேமரா எல்லா ஷாட்டிலும் அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கேமரா பஸ்ஸின் பின்முனைப் பக்கமாக நின்றால் அம்மா திரையில் வலது பார்ப்பாள், மகன் இடது பார்ப்பான். வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒரே ஒரு பேனல் கோட்டைத் தாண்டினாலும் இருவரும் ஒரே திசையில் திரும்பி, யாரோ மூன்றாவது ஆளைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். உயரத்தையும் கவனியுங்கள்: தரையில் நிற்கும் அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டும், மகன் குனிந்து பார்க்க வேண்டும். ஏஐ இருவர் கண்களையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடும். பிரிவின் வலி பாதி அந்த உயர வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒளிப்பதிவாளரை அதிகம் எரிச்சல்படுத்தியது தூரமாக இருக்கும். 10 மீட்டர் பஸ் பக்கவாட்டில் முழுதாகத் தெரிய, சினிமா கேமராவின் சூப்பர் 35 சென்சாரில் (அகலம் சுமார் 25 மி.மீ.) 35 மி.மீ. லென்ஸ் போட்டால் கேமரா ஏறக்குறைய 14 மீட்டர் பின்னால் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அதற்குள் கடை இருக்கும், இல்லையென்றால் பிளாட்பாரத் தூண் இருக்கும். ஏஐயிடம் ‘85 மி.மீ.’ என்று எழுதினால் பின்னணியை மங்கலாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். தூரமும் கோணமும் அந்த லென்ஸுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ஒரு தாளில் மேலிருந்து பார்க்கும் வரைபடம்: பஸ், அம்மா, மகன், தூண், கடை. கோட்டைப் போட்டு, கேமரா நிற்கும் இடங்களுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் குச்சி மனிதர்களோடு ஒரு தம்ப்நெயில், அதாவது சின்னக் கிறுக்கல் படம். ஒன்றுக்கு 2 நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். அதன் பிறகு ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் 10 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் ஒரு பெட்டி, இரண்டு பொம்மை உருவங்கள். ப்ளெண்டர் கேமராவின் சென்சார் அகலம் இயல்பாக 36 மி.மீ. என்று இருக்கும், அதை 25-க்கு அருகில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 35 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 54 டிகிரி காட்டும், நிஜத்தில் கிடைப்பது 39 டிகிரிதான். அதிலிருந்து எடுக்கும் படத்தை (ரெண்டர்), ஏஐயைக் கொடுத்த வடிவத்துக்குள் நிறுத்தும் கன்ட்ரோல்நெட் என்ற கருவியில் அடிப்படையாகக் கொடுத்தால் ஏஐ உங்கள் கோணத்துக்குள் நிற்கும். கண்ணையும் கையையும் மேலே நீங்களே வரைந்துவிடுங்கள். அந்த இரண்டிலும் அது சறுக்கலாம்.

அம்புக்குறிகளை மறக்க வேண்டாம். ஆள் நகர்வதற்கு ஃப்ரேமுக்குள் மெல்லிய அம்பு, கேமரா நகர்வதற்கு ஃப்ரேமைத் தொட்டபடி தடித்த அம்பு. ஜூம் என்றால் உள்ளே ஒரு சிறு பெட்டி போட்டு, நான்கு மூலையிலிருந்தும் அதை நோக்கி அம்பு. ட்ராக்கில் கேமராவையே நகர்த்தும் ட்ராலியை ஜூம் மாதிரிப் போட்டுவிட்டால் அன்று காலையில் ட்ராக் வந்திருக்காது.

கேள்வி: ஃப்ரீலான்ஸாக போர்டு வரைகிறேன். என் பழைய போர்டுகளை வைத்துக் கம்பெனியில் ஏஐயைப் பழக்கப் போகிறார்களாம். தடுக்க முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: கையெழுத்துப் போடும் முன் தடுப்பது சுலபம், பிறகு கஷ்டம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19-ன்படி உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் எழுதப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அதனால் ‘எல்லா உரிமையும், எந்த வடிவிலும், எக்காலத்துக்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மாதச் சம்பளத்தில் இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வேலையில் வரைந்தவற்றின் முதல் உரிமை கம்பெனிக்குத்தான்.

சேர்க்க வேண்டிய வரி இது: “இந்தப் படங்கள் இந்தத் தயாரிப்புக்கு மட்டும். தனி எழுத்துச் சம்மதமும் தனிக் கட்டணமும் இல்லாமல் இவற்றை ஏஐ மாதிரிகளைப் பழக்கவோ, என் பாணியில் படம் உருவாக்கவோ பயன்படுத்தக் கூடாது.” மறுப்பவர்களும் இருப்பார்கள், கேட்டாவது பாருங்கள்.

திருத்தங்களையும் எழுதி வையுங்கள்: தம்ப்நெயில் நிலையில் 2 சுற்று, கிளீன் போர்டில் (சுத்தமாக வரைந்த இறுதிப் படங்களில்) 1 சுற்று, அதற்கு மேல் நாள் கணக்கில் கூலி. ‘ஏஐ படத்தைச் சும்மா சரிசெய்து கொடுங்கள்’ என்று வரும் வேலைக்குப் படக் கணக்கில் விலை பேசவே பேசாதீர்கள். கோணம் தப்பான படத்தைத் திருத்துவது பெரும்பாலும் புதிதாக வரைவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

ஏஐ படத்தின் உரிமை யாருக்கு என்பது இன்னும் தெளியவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி என்ற ஏஐயின் படங்களோடு வந்த ஒரு காமிக்ஸில் எழுத்துக்கும் அடுக்கிய முறைக்கும் மட்டுமே உரிமை தந்தது, தனித்தனிப் படங்களுக்குத் தரவில்லை. நம் சட்டமோ கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரை ஆசிரியர் என்கிறது. அதனால் கையால் வரைந்த தம்ப்நெயில்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். முடிவுகள் உங்களுடையவை என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி: இயக்குநர் கொடுத்த காட்சியை அப்படியே ஆன்லைன் ஏஐயில் போடலாமா?
– சென்னை வாசகி

பதில்: கூடாது. வெளிவராத கதை அது, உங்களுடையதும் இல்லை. சில இலவசச் சேவைகளில் நீங்கள் உருவாக்கும் படம் பிறர் பார்வைக்கும் போகும். ஏஐ கட்டாயம் என்றால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் ஏஐயை உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். 12 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வசதி, 8 ஜிபியிலும் ஓடும். கதாபாத்திரப் பெயர், நடிகர் பெயர் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஓவியம் சுமாராகத்தான் வரும். ஏஐயை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வர முடியுமா? எப்படிப் பழகுவது?
– திருச்சி வாசகர்

பதில்: சுமாரான ஓவியம் தடையே இல்லை. ஆனால் ஏஐயில் தொடங்க வேண்டாம். தப்பான கோணத்தையும் அது அழகாக்கிக் காட்டுவதால் உங்கள் தப்பு உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும். சத்யஜித் ராய் தன் முதல் படத்துக்கு முழுத் திரைக்கதை எழுதவில்லை. குறிப்புகளையும் வரைந்த படங்களையும் வைத்துக்கொண்டுதான் தயாரிப்பாளர்களைப் பார்த்தார்.

பிடித்த படத்தில் 3 நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரையுங்கள், கட்டத்தின் விகிதம் அந்தப் படத்தின் விகிதமாகவே இருக்கட்டும். முடிந்ததும் அதே காட்சியைப் பாதி ஷாட்டுகளில் சொல்ல முடிகிறதா என்று மறுபடி வரையுங்கள். பிறகு ஸ்டோரிபோர்டர் என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, வசனத்தை உங்கள் குரலிலேயே பேசி அனிமேட்டிக், அதாவது படங்கள் நேரக் கணக்கில் ஓடும் வீடியோ, ஆக்குங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 2 விநாடி ஷாட் என்றால் 48 ஃப்ரேம். தாளில் சரியாகத் தெரிந்த பல பேனல்கள் இங்கே நீளமாகத் தெரியும், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

எடுத்த ஷாட்டின் எண்ணை மட்டும் அழிக்காதீர்கள். 7-ஐ நீக்கினால் ‘7 – நீக்கம்’ என்று விட்டுவையுங்கள், நடுவில் சேர்த்தால் 6ஏ. யூனிட்டில் அந்த எண்களை வைத்து ஏற்கெனவே லிஸ்ட் போட்டிருப்பார்கள். நீங்கள் எண்ணை நகர்த்தினால் 8-ஆம் ஷாட்டுக்கு வர வேண்டிய குடை 9-ஆம் ஷாட்டுக்குத்தான் வந்து சேரும்.