ஐம்பது வினாடிக்குள் ஒரு கதை

அன்புள்ள ஐயா,

எங்கள் திரைப்பட வட்டத்தில் இந்த மாதம், சினிமாவின் ஆரம்ப காலத்தில் பிரான்சில் படம் எடுத்த லூமியேர் சகோதரர்களின் படங்களைப் போட்டோம். ஆட்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்துக் கூட்டம் ஒரே சிரிப்பு. ரயில் வரும் படத்தைப் பார்த்து அன்றைய பாரீஸ்காரர்கள் பயந்து எழுந்து ஓடினார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு நண்பர், "இதெல்லாம் சினிமாவே இல்லை. கேமராவை நட்டுவைத்துச் சுற்றினார்கள், அவ்வளவுதான். நிலா, பேய் என்று மாயாஜாலப் படங்கள் எடுத்த மெலியேஸிடம்தான் சினிமா தொடங்குகிறது" என்று அடித்துச் சொன்னார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள கே.எஸ்.,

வேகத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். சினிமாட்டோகிராஃப் என்ற லூமியேரின் கருவியில் மோட்டார் கிடையாது. கையால்தான் சுற்ற வேண்டும், வினாடிக்குச் சுமார் 16 ஃபிரேம். பேசும்படம் வந்தபிறகு அது 24 என்று நிலைத்துவிட்டது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகள் இந்த ரகம்தான். வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த மனிதர்கள் உங்களையும் என்னையும் போலத்தான் நடப்பார்கள்.

அப்புறம் ரயில். கட்டணம் வாங்கிக்கொண்டு லூமியேர்கள் முதலில் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று. பாரீஸில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளம், நுழைவுக் கட்டணம் ஒரு ஃபிராங்க், காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். அன்று காட்டிய பத்துப் படங்களில் ரயில் படம் இல்லை. பயந்து ஓடுவதற்கு ரயிலே வரவில்லை! அது திரைக்கு வந்தது அடுத்த மாதம். அப்போதாவது ஓடினார்களா என்று மார்ட்டின் லொய்பர்டிங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் துருவிப் பார்த்தார். ஜனங்கள் பதறி ஓடியதற்கு அக்காலத்துச் சான்று ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பாரீஸ்காரர்களுக்குத் திரை புதிதல்ல. கண்ணாடியில் தீட்டிய படங்களை விளக்கொளியில் திரையில் விழவைக்கும் மாய விளக்குக் காட்சிகள் பல தலைமுறைகளாக நடந்துவந்தன. எமில் ரெய்னோ 1892-லிருந்தே கிரெவின் மெழுகுச் சிலைக் காட்சியகத்தில், கையால் வரைந்த படங்களைத் திரையில் நடமாட விட்டுக்கொண்டிருந்தார். அவர்களை அசத்தியது வேறு. கிராண்ட் கஃபேயின் அந்த முதல் காட்சிக்கு அழைப்பின்பேரில் வந்திருந்த மேஜிக்காரர் மெலியேஸ் பின்னாளில் சொன்னது: முதலில் ஒரு தெருவின் அசையாத படம்தான் திரையில் விழுந்தது. இதற்காகவா கூப்பிட்டார்கள், நானே பத்து வருடமாக இதைத்தானே காட்டுகிறேன் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாராம். வாய் மூடுவதற்குள் படத்திலிருந்த குதிரை, வண்டியை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வாய்பிளப்பை நான் நம்புகிறேன். ஓட்டத்தை நம்பவில்லை. நம் தாத்தா காலத்தவர்கள் அப்பாவிகள் என்று நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது, அதனால்தான் அந்தக் கதை சாகாமல் இருக்கிறது.

சரி, உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் காட்டிய பத்தில் தோட்டக்காரர் படமும் உண்டு. அதை இன்னொரு முறை, சரியான வேகத்தில் பாருங்கள். தோட்டக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னாலிருந்து வரும் பையன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர், தொப்பி பறக்கிறது. பையன் ஓட்டம் பிடிக்கிறான், அவர் துரத்திப் பிடிக்கிறார். இதற்குப் பிறகுதான் விஷயமே. பிடித்த இடத்திலேயே இரண்டு போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பையனைத் தரதரவென்று முன்னால், கேமராவுக்கு எதிரே, இழுத்துவந்து பின்புறத்தில் சாத்துகிறார். ஏன்? கேமரா திரும்பாது. நமக்குத் தெரிய வேண்டுமென்றால் ஆட்கள்தான் வர வேண்டும். அவரை அப்படி வரச்சொன்னது யார்? கேமராவுக்குப் பின்னால் நின்றவர்தான். அந்த வேலைக்கு இன்று சம்பளம் வாங்குகிறவரை நாம் இயக்குநர் என்கிறோம்.

கவனியுங்கள், கையில் இருப்பது 17 மீட்டர் ஃபிலிம். சுற்றினால் ஐம்பது வினாடியில் தீர்ந்துவிடும். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை. அதற்குள் சதி, அடி, துரத்தல், தண்டனை எல்லாம் முடிந்து, தோட்டக்காரர் மறுபடி தண்ணீர் விடவும் ஆரம்பித்துவிடுகிறார்.

தொழிற்சாலைப் படமும் "சும்மா எடுத்தது" அல்ல. லியோனில் லூமியேர் குடும்பத்தின் போட்டோ பிளேட் ஆலையிலிருந்து ஆட்கள் வெளியேறும் படம் அது. அதற்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை, மற்றொன்றில் வண்டியே இல்லை. உடைகளைப் பார்த்தாலே வேறு வேறு பருவங்கள் என்று தெரியும். திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். தொப்பி வைத்த பெண்களும் சைக்கிள்காரர்களும் வாசலில் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகிறார்கள். இவ்வளவு கூட்டத்தில் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்பவர் கிட்டத்தட்ட யாருமில்லை. எதிரில் நிற்பது முதலாளி, பார்க்காதே என்றால் பார்க்க மாட்டார்கள்.

இவர்களுக்குக் கைகொடுத்தது கருவியின் எடை. அமெரிக்காவில் எடிசனின் கேமரா மின்சாரத்தில் ஓடும் கனத்த யந்திரம். அதற்காக நியூஜெர்சியில் கூரை திறக்கும் ஒரு கறுப்புக் கொட்டகையைக் கட்டி, வெயில் போகும் பக்கமெல்லாம் அதையே திருப்பினார்கள். பயில்வான் சாண்டோவிலிருந்து நடனக்காரிகள் வரை எல்லாரும் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். லூமியேரின் பெட்டி சுமார் 5 கிலோ. எடுப்பது, பிரதி போடுவது, திரையில் காட்டுவது மூன்றையும் அதே பெட்டி செய்யும். ஆளும் பெட்டியுமாகக் கப்பலேறிவிட்டார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் ஒரு ரூபாய்க் கட்டணத்தில் படம் காட்டிய மாரியுஸ் செஸ்தியே அப்படி வந்தவர்தான்.

மெலியேஸ் மேதை, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முதல் காட்சி பார்த்ததும் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார், லூமியேரின் தகப்பனார் மறுத்துவிட்டார். லண்டனில் ராபர்ட் பாலிடம் ஒரு புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு 1896-ல் தானே தொழிலில் இறங்கினார். அவருடைய முதல் படத்தில் நிலாவும் இல்லை, பேயும் இல்லை. தோட்டத்தில் சிலர் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். லூமியேர்களின் சீட்டாட்டப் படத்தை அப்படியே பார்த்துச் செய்தது. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, உங்கள் நண்பரிடம் எது யாருடையது என்று கேளுங்கள். பெயரை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.