பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரை வைத்து எளிமையான ஸ்கூபா செட் அமைப்பது எப்படி?

சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவிதான் ரெகுலேட்டர். இரட்டைக் குழாய் வகையில் அது முதுகுப்பக்கம் ஒரு டப்பாவாக இருக்கும், அதிலிருந்து இரண்டு நெளிகுழாய்கள் வாய்க்கு வரும். அந்த டப்பா முதுகில் எங்கே உட்காருகிறது என்பதை முதலில் சரிசெய்யுங்கள். ஹோஸ், விங் (மிதக்க உதவும் காற்றுப்பை), எடை எல்லாம் அதற்குப் பிறகுதான். பலர் ரெகுலேட்டரைப் பிரித்து, டியூன் செய்து, நல்ல டயாஃப்ரம் (நீரழுத்தத்துக்கு அசைந்து காற்றைத் திறந்துவிடும் மெல்லிய தகடு) போட்டுவிட்டு, அதைத் தடிமனான மெத்தை வைத்த பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும்) ஜாக்கெட்டில் மாட்டுகிறார்கள். தண்ணீரில் மூச்சிழுக்கக் கஷ்டமாக இருந்ததும் பழைய மாடல் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை ரெகுலேட்டரில் இருக்காது, அது இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரில் டயாஃப்ரம் வாய்க்கு முன்னால் இருக்கிறது. இரட்டைக் குழாயில் அது முதுகில், டப்பாவுக்குள் இருக்கிறது. அங்குள்ள நீரழுத்தம் என்னவோ அந்த அழுத்தத்தில்தான் காற்று வரும். குப்புற நீந்தும்போது டப்பா நுரையீரலுக்கு மேலே இருக்கும். 15 செ.மீ. மேலே இருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் 15 செ.மீ. நீர்மட்ட அளவு கூடுதலாக உறிஞ்ச வேண்டும். ரெகுலேட்டர்களுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 250 மூச்சிழுக்க அனுமதிக்கும் உச்சம் 25 மில்லிபார், அதாவது சுமார் 25 செ.மீ. நீர். இந்தக் கணக்கில் முதுகுக்கும் டப்பாவுக்கும் நடுவே 4 செ.மீ. மெத்தை என்பது பெரிய விஷயம். எந்த டியூனிங்கும் அதைத் திருப்பித் தராது.

மூச்சு வெளியேறும் டக்பில் (வாத்தின் அலகு போன்ற ரப்பர்) வால்வும் அதே டப்பாவுக்குள் டயாஃப்ரத்தை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் உண்டு. 1943இல் பிரான்ஸின் மார்ன் ஆற்றில் கடலாய்வாளர் ஜாக் கூஸ்டோ சோதித்த முதல் வடிவத்தில் காற்று வரும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லை. நிமிர்ந்தால் காற்று தானாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் தீர்ந்தது. ஆகவே டக்பில்லை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை எதுவும் வேண்டாம்.

முதுகுக்கு மெல்லிய பேக்பிளேட்டோ (சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடு), பழைய பாணி பிளாஸ்டிக் பேக்பேக்கோ போதும். சிலிண்டரை இறுக்க ஒரே ஒரு கேம் பேண்ட், சாதாரணப் பட்டை, கூடவே கவட்டுப் பட்டை. இந்தக் கவட்டுப் பட்டையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தலைகீழாக இறங்கும்போது செட் முழுவதும் தலைப்பக்கம் நழுவி, டப்பா பின்மண்டையில் வந்து இடிக்கும். சிலிண்டர் வால்வின் வாய் வழக்கம்போல முதுகைப் பார்த்துத்தான் இருக்கும். எனவே டப்பா வால்வுக்கும் முதுகுக்கும் நடுவில் வரும். இங்கேதான் சிக்கல்: இப்போது வரும் பல பேக்பிளேட்டுகளின் மேல்விளிம்பு டப்பாவில் முட்டும். அதற்காகச் சிலிண்டரை மேலே ஏற்றிவிடாதீர்கள். உயரம் குறைந்த பிளேட்டாகப் பாருங்கள்.

டப்பா தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்வரை சிலிண்டரை இறக்குங்கள். செட்டை மாட்டிக்கொண்டு தலையை முழுவதும் பின்னால் சாய்த்தால் இடிக்கக் கூடாது. பிறகு மவுத்பீஸை வாயில் வைத்துத் தலையை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். உதட்டை விட்டு இழுத்தால் சிலிண்டர் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, அல்லது குழாய் குட்டை. குழாய் நீளமானாலும் தொல்லைதான்: காற்று நிறைந்த குழாய் வளைந்து மேலே மிதந்து தாடையை இழுக்கும், நீரோட்டத்தில் ஆடும்.

சிலிண்டரில் ஸ்டீல் 72 இதற்குப் பொருத்தமானது. நீர்க்கொள்ளளவு சுமார் 12 லிட்டர், விட்டம் 17.5 செ.மீ., காலியாகும்போதும் பெரிதாக மிதக்காது. அலுமினியம் 80 கடைசியில் 2 கிலோ அளவுக்கு மிதந்து பின்பக்கத்தைத் தூக்கும். பரவாயில்லை, எடையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பழைய யோக்குகள் (ரெகுலேட்டரை வால்வோடு பிடித்து வைக்கும் கவ்விகள்) 150 பார் காலத்துச் சிலிண்டர்களுக்குச் செய்யப்பட்டவை. இன்றைய தடித்த வால்வுகளில் சில அவற்றுக்குள் நுழையாது. பலவந்தமாக நுழைக்காமல் யோக்கையே மாற்றுங்கள்.

அடுத்து, முதல் நிலையில் (சிலிண்டர் அழுத்தத்தை முதலில் குறைக்கும் பகுதி) போர்ட் (கூடுதல் ஹோஸ் மாட்டும் துளை) உண்டா என்று பாருங்கள். டிஏ அக்வா மாஸ்டர், ராயல் அக்வா மாஸ்டர் என்ற பழைய மாடல்கள் இரண்டிலும் அசல் நிலையில் எதுவும் கிடையாது. அழுத்தமானி வேண்டுமானால் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பாஞ்சோ ஃபிட்டிங் (இடையில் செருகும் வளைய இணைப்பு) வைக்கலாம். யோக்கில் அதற்கு இடம் இருக்க வேண்டும், டப்பாவும் அந்தத் தடிமன் அளவுக்கு முதுகுப்பக்கம் தள்ளி வரும். இந்த இரண்டு மாடலுக்கும் போர்ட்டுகளோடு மாற்றுப் பாகம் கிடைக்கிறது. அடிக்கடி டைவ் செய்பவர்கள் அதைப் போடுவதே நல்லது. பழைய மிஸ்ட்ரால் ஒற்றை நிலை ரெகுலேட்டர், அதில் நடு அழுத்தமே (முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையிலான அழுத்தம்) கிடையாது. ஆக்டோபஸோ (அவசரத்துக்கான கூடுதல் இரண்டாம் நிலை), இன்ஃப்ளேட்டரோ (விங்கில் காற்று நிரப்பும் ஹோஸ்) அதிலிருந்து எடுக்க முடியாது, விங் வைத்தால் வாயால்தான் ஊத வேண்டும்.

ஜே வால்வு (கடைசிக் காற்றை ரிசர்வாகப் பிடித்து வைக்கும் பழைய சிலிண்டர் வால்வு) இருந்தால் நெம்புகோல் மேலே இருக்கும்போதுதான் ரிசர்வ் காக்கப்படும். இறங்கும் வழியில் ஏதாவது தட்டி அது கீழே வந்துவிட்டால் தெரியாமலே ரிசர்வைச் செலவழித்துவிடுவீர்கள். சிலிண்டர் நிரப்பும்போது மட்டும் அது கீழே இருக்க வேண்டும். அழுத்தமானி வைக்க வழியிருக்கும்போது ஜே வால்வை மட்டும் நம்பி இறங்குவது சரியில்லை என்பது என் கருத்து.

போர்ட் கிடைத்த உற்சாகத்தில் நாலு ஹோஸ் மாட்டினால் எளிமை போய்விடும். அழுத்தமானி இடுப்பின் இடப்பக்கம் குட்டை ஹோஸில். ஆக்டோபஸ் வலது கைக்கு அடியில் வந்து கழுத்துப் பட்டையில். விங் வைத்தால் சிறியது, இன்ஃப்ளேட்டர் இடது கைக்கு அடியில். தோளுக்கு மேல் நெளிகுழாய்கள் இரண்டைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. விங்கே இல்லாமல் போவதானால் 3 மி.மீ. உடைக்கு மேல் வேண்டாம். தடித்த நியோபிரீன் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும், அதை ஈடுகட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. சிலிண்டரில் 35 பார் மீதமிருக்கும்போது 5 மீட்டரில் அசையாமல் நிற்கும் அளவே சரியான எடை.

நடு அழுத்தத்தை நிறைந்த சிலிண்டரிலும் பாருங்கள், 35 பார் உள்ளதிலும் பாருங்கள். டிஏ போன்ற சமன் செய்யப்படாத (சிலிண்டர் அழுத்தம் மாறினால் நடு அழுத்தமும் மாறும்) முதல் நிலையில் இரண்டும் ஒன்றாக வராது. மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்துவிட்டு, சில நிமிடம் மானியின் முள்ளைக் கவனியுங்கள். ஏறிக்கொண்டே போனால் சீட் (காற்று வழியை அடைக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூவைத் திருகி அதை மறைக்க முடியாது. இன்றைய ஆக்டோபஸ்கள் 135 பிஎஸ்ஐ அளவை ஒட்டி டியூன் செய்யப்படுபவை. அதற்குக் குறைவான அழுத்தத்தில் ஓடும் ரெகுலேட்டரோடு இணைத்தால் ஆக்டோபஸை மறுபடி டியூன் செய்ய வேண்டும். டப்பாவுக்குள் டயாஃப்ரம் அழுத்தும் லீவர் உயரமாக இருந்தால் காற்று ஓயாமல் கசியும், தாழ்வாக இருந்தால் நன்றாக இழுத்த பிறகுதான் திறக்கும்.

மவுத்பீஸின் இரு பக்கமும் ஒருவழி வால்வு இருக்க வேண்டும். வலப்பக்கக் குழாயில் காற்று வருகிறது, இடப்பக்கத்தில் போகிறது. குழாய்களைக் கழற்றி, இடப்பக்கத்தை உள்ளங்கையால் மூடி ஊதுங்கள்: காற்று எங்கும் போகக் கூடாது. வலப்பக்கத்தை மூடி உறிஞ்சுங்கள்: காற்று வரக் கூடாது. ரப்பர் இதழ் கொஞ்சம் சுருண்டிருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, வால்வைத் திறக்காமல் மவுத்பீஸில் உறிஞ்சிப் பாருங்கள். வெற்றிடம் நிற்கவில்லையென்றால் டக்பில், டயாஃப்ரத்தின் விளிம்பு, கிளாம்ப், குழாயின் மடிப்புகள் என்ற வரிசையில் தேடுங்கள். பழைய ரப்பர் குழாய் மடிந்த நிலையில் நன்றாகத் தோன்றும். இழுத்து விரித்தால்தான் மடிப்பின் அடியில் வெடிப்பு தெரியும்.

முதல் டைவ் ஆழமில்லாத குளத்தில் இருக்கட்டும். மவுத்பீஸைக் கழற்றி டப்பாவுக்கு மேலே தூக்குங்கள், காற்று கொட்டும். கீழே இறக்குங்கள், நிற்கும். இழந்த மவுத்பீஸைத் தேடுவதற்கும் இதுவே வழி: மல்லாந்தால் அது மேலே மிதந்து, காற்றைக் கொட்டியபடி கைக்கெட்டும் இடத்துக்கு வரும். தண்ணீர் புகுந்தால் இடது தோள் கீழே வரும்படி சாய்ந்து ஊதுங்கள். தண்ணீர் இடப்பக்கக் குழாய் வழியாக டக்பில்லுக்குப் போய்விடும். இந்த மூன்றும் கைக்குப் பழகும்வரை கடலுக்குப் போகாதீர்கள்.

அலசும்போது சிலிண்டரைத் திறந்தே வையுங்கள். அழுத்தம் இல்லாதபோது வலப்பக்கக் குழாயில் தண்ணீர் போனால் டப்பாவுக்குள் நேராக இறங்கி இரண்டாம் நிலையில் தங்கும், பித்தளை பச்சை பூக்கத் தொடங்கும். குழாய்களைக் கழற்றி நேராகத் தொங்கவிட்டு, உள்ளே ஈரம் போன பிறகே திரும்ப மாட்டுங்கள்.