நாலரைக் கிலோ ராக்கெட்டுக்கு எந்த மோட்டார்? – கேள்வி பதில்

கேள்விகளில் பாதிக்கு மேல் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் போட்டிக்காக ராக்கெட் கட்டும் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. படிக்க வெளிநாடு போய் அங்கே ராக்கெட் ஏவச் சான்றிதழ் எடுக்க நினைப்பவர்களும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே மோட்டார் என்றால் எரிமருந்து நிரம்பி ராக்கெட்டைத் தள்ளும் குழாய்; அதிலும் தொழிற்சாலையில் செய்து, சோதித்து, சான்று பெற்று வரும் மோட்டார் மட்டும்தான். வீட்டில் எரிமருந்து கிண்டுவதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்ல மாட்டேன். கேட்டு ஏமாற வேண்டாம்.

காரைக்குடி மாணவர்: அண்ணே, மோட்டார் பேரில் வரும் எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன?

எழுத்து, மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது. உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கினால் வருவது அது, அலகு நியூட்டன்-விநாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் அளவு இரட்டிப்பாகும். எச் என்றால் 160க்கு மேல் 320 வரை, ஐ 640 வரை, ஜே 1280 வரை, கே 2560, எல் 5120, எம் 10,240. எழுத்தை அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், மருந்து எரிந்து தீர்ந்தபின் பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரை எத்தனை விநாடி என்பது. ஜே350-10 என்று இருந்தால் ஜே வகுப்பு, சராசரி 350 நியூட்டன், 10 விநாடித் தாமதம்.

இங்கே பலரும் சறுக்குவது ஓர் இடத்தில். ஜே என்றாலே ஒரே பலம் என்று நினைத்துவிடுகிறார்கள். 650 நியூட்டன்-விநாடி உள்ளதும் ஜேதான், 1270 உள்ளதும் ஜேதான். எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உந்துவிசை வரைபடத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவின் ராக்கெட் ஆர்வலர் அமைப்புகளான என்.ஏ.ஆர்., ட்ரிப்போலி இரண்டிலும் முதல் நிலைச் சான்றிதழுக்கு எச், ஐ. இரண்டாம் நிலைக்கு ஜே, கே, எல். எம்முக்கும் அதற்கு மேலும் மூன்றாம் நிலை.

கோட்டையூர் அணி: உள்விட்டம் 98 மில்லிமீட்டர் (வெளியே 102), நீளம் 1.9 மீட்டர். மோட்டாரோடு சேர்த்து நாலரைக் கிலோ. உயரம்தான் எங்களுக்கு முக்கியம். எது போடலாம்?

உயரத்தைக் கடைசியில் பாருங்கள் தம்பி. ராக்கெட் பிழைப்பதும் விழுவதும் முதல் 2 மீட்டரில் முடிவாகிவிடும். ஏவும்போது ராக்கெட் பிடித்து ஏறும் நிமிர்ந்த கம்பிதான் ரெயில்; அதை விட்டு வெளியே வரும் கணத்தில் துடுப்புகளைக் காற்று பிடிக்கும் அளவுக்கு வேகம் வந்திருக்க வேண்டும். குறைந்தது விநாடிக்கு 14, 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கையே போடுவோம். நாலரைக் கிலோ என்றால் எடை 44 நியூட்டன். உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்ற விதிப்படி 220 நியூட்டன் போதும் என்பார்கள். அதில் எடையைக் கழித்தால் மிச்சம் 176. நாலரையால் வகுத்தால் முடுக்கம் 39. உங்கள் 2 மீட்டர் ரெயிலில் ராக்கெட் உண்மையில் பிடிமானத்தோடு ஓடுவது 1.8 மீட்டர்தான், ராக்கெட்டை ரெயிலோடு பிணைக்கும் மேல் பொத்தான் அதை விட்டதுமே பிடிமானம் போச்சு. வேகம் 11.9 வரும். போதாது. அதே ரெயிலில் 350 நியூட்டன் மோட்டாரைப் போடுங்கள்: நிகர விசை 306, முடுக்கம் 68, வேகம் 15.6. இது தேறும்.

ஆகவே 700 நியூட்டன்-விநாடி அளவில், சராசரி 350 தரும் ஜே உங்களுக்குப் பொருந்தும். எரிவது 2 விநாடி. உயரம் தோராயமாக 750 மீட்டர். எரிந்து தீர்ந்தபின் உச்சிக்குப் போக 10, 11 விநாடி ஆகும்; தாமதத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் போட்டுச் சரிபாருங்கள். அதில் எடையை மனக்கணக்காகப் போடாமல் தராசில் வைத்துப் போடுங்கள். பசையும் பெயின்டும் சேர்ந்து கால் கிலோவை விழுங்கிவிடும்.

தேவகோட்டை டர்னர்: ஐந்து மடங்கு என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி. அதையே தவறென்கிறீர்களே?

தவறென்று நான் சொல்லவில்லை. அது தரை, அதன்கீழ் போகாதே என்பதுதான் அதன் பொருள். அங்கேயே நில் என்று அது சொல்லவில்லை. ரெயில் நீளம் அந்த விதியில் எங்கே இருக்கிறது?

தேவகோட்டை டர்னர்: அப்படியானால் ரெயிலை நீளமாக்கினால் போச்சு. 3 மீட்டர் ரெயிலில் 220 நியூட்டனே போதுமே.

இது நல்ல கேள்வி. 3 மீட்டர் ரெயிலில் பிடிமானம் 2.8 மீட்டர் என்று எடுத்தால் வேகம் 14.8. ஒத்துக்கொள்கிறேன், காற்றே இல்லாத நாளில் போகும். ஆனால் பக்கக் காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். 14.8 வேகத்தில் வெளியே வருவது காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 19 பாகை, 11.9 வேகத்தில் வருவதற்கு 23 பாகை. அந்தக் கோணத்தில் அழுத்த மையம், அதாவது காற்றின் விசை மொத்தமாக விழும் புள்ளி, முன்னால் நகரும், தாளில் இருந்த நிலைத்தன்மை குறையும். ராக்கெட் காற்றை எதிர்த்துத் தலையைத் திருப்பும். மேலே போக வேண்டியது கண்மாய்க் கரையை நோக்கிப் போகும்.

இன்னொன்று: நீளமான ரெயில் வளையும். ஓர் அங்குல அலுமினிய ரெயிலை 3 மீட்டருக்கு நிறுத்தி, உச்சியை விரலால் தள்ளிப் பாருங்கள், தெரியும். அந்த நீளத்துக்கு ஒன்றரை அங்குல ரெயில் வேண்டும்.

தேவகோட்டை டர்னர்: சராசரியை வைத்துத்தானே பேசுகிறீர்கள்? தொடக்க உந்துவிசை சராசரியைவிட அதிகமாக இருக்கும் மோட்டார்கள் உண்டே.

உண்டு. நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ரெயிலில் இருக்கும் கால் விநாடியில் என்ன உந்துவிசை வருகிறதோ அதுதான் கணக்கு. முன்பாரமான வரைபடம் உள்ள, அதாவது தொடக்கத்திலேயே அதிகம் தள்ளும், மோட்டார் 250 சராசரியிலும் நன்றாக வெளியேறும். மெல்ல ஏறும் வகை 350 சராசரியிலும் சொதப்பும். நீண்ட நேரம் எரியும் ஜே90 மாதிரி ஒன்றை நாலரைக் கிலோவில் மாட்டினால் உந்துவிசை எடையின் இரண்டு மடங்குதான். அதைச் செய்யவே கூடாது.

புதுவயல்: சிவகாசி ராக்கெட் பத்தைப் பிரித்து மருந்தை ஒரே குழாயில் அடைத்தால் எச் வகுப்பு வருமா?

வராது, கைதான் போகும். பட்டாசு ராக்கெட்டில் மருந்து அழுத்தி இறுக்கப்பட்டிருக்கிறது. எரியும் பரப்பு அதனால்தான் கட்டுக்குள் இருக்கிறது. பிரித்துக் கொட்டினால் தூளாகிவிடும். தூளில் நெருப்பு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பரவும், அழுத்தம் எகிறும், குழாய் வெடிகுண்டாகும். போதாததற்கு வண்ணம் தரும் கலவைகள் உரசலுக்கே பற்றக்கூடியவை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையை 1992இல் தடை செய்தது சும்மா இல்லை.

பள்ளத்தூர்: சர்க்கரையும் உரமும் வைத்துச் செய்வது பாதுகாப்பு என்கிறார்களே, விகிதம் சொல்ல முடியுமா?

முடியாது.

கானாடுகாத்தான்: உடலுக்கு பி.வி.சி. குழாய் போடலாமா? இங்கே கடையில் மலிவு.

கனம் அதிகம், வெயிலில் தளரும், உடைந்தால் கத்தி. மோட்டார் கூடாக அதை நினைத்தே பார்க்காதீர்கள். அந்தத் துண்டுகள் உடம்பில் ஏறினால் எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாது.

துணி சுற்றி வரும் கெட்டிக் காகிதக் குழாயைத் தேடுங்கள். மேல்பளபளப்பை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, 200 கிராம் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஜே வரை தாங்கும். காய்ந்ததைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மூக்குக் கூம்புக்கு உங்கள் ஊர்ப் பக்கமே கடைசல் பட்டறை இருக்கும். லேசான மரத்தில் கடையச் சொல்லி உள்ளே குடைந்துவிடுங்கள். தேக்கில்தான் கடைவேன் என்று ஆசாரி நின்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அது வீட்டு வாசலுக்கு.

திருப்பத்தூர் மாணவி: துடுப்புக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்திருக்கிறோம். இரண்டு முறை ஒட்டியும் அடியிலேயே கழன்று வந்துவிட்டது அண்ணே.

மேலே ஒட்டாதீர்கள் தங்கச்சி. குழாயில் காடி வெட்டி, துடுப்பின் அடிநாக்கு உள்ளே போய் மோட்டார் குழாயில் உட்கார வேண்டும். உள்ளே இரண்டு பக்கமும், வெளியே இரண்டு பக்கமும் பசைக் கரை. வெளிக்கரையின் வளைவு 12 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும். ஐந்து நிமிடப் பசையை இதற்குத் தொடாதீர்கள், 24 மணி நேரம் காயும் எப்பாக்சிதான். பிளைவுட்டின் மேல்நரம்பு, உடலிலிருந்து வெளிநோக்கி, முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். நரம்பு உடலுக்கு இணையாக ஓடினால் துடுப்பு பிஸ்கட் மாதிரி முறியும். தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே ஓட்டை இருக்கும். மலிவு பிளைவுட்டில் இது சகஜம்.

சித்திரை வெயிலில் ராக்கெட்டைக் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். சாதாரண எப்பாக்சி 60 பாகை செல்சியஸ் பக்கத்திலேயே இளகும்.

கண்டனூர்: ஈர்ப்பு மையம், அழுத்த மையம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால். இடைவெளி உடல் விட்டத்தின் ஒன்று முதல் இரண்டு மடங்கு. மோட்டாரை மாட்டி, பாராசூட் மடித்து வைத்து, பறக்கப்போகிற கோலத்தில் கயிற்றில் தொங்கவிட்டு அளவெடுங்கள். மோட்டார் இல்லாமல் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களே அதிகம்.

உதாரணத்துக்கு மூக்கு நுனியிலிருந்து அழுத்த மையம் 1420, ஈர்ப்பு மையம் 1265 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 155. 102 விட்டத்துக்கு ஒன்றரை. நல்ல நிலை. குறைந்தால் மூக்கில் எடை சேர்க்கலாம். நாலரைக் கிலோவில் 200 கிராமை நுனியிலிருந்து 250 மில்லிமீட்டரில் வைத்தால் ஈர்ப்பு மையம் 43 மில்லிமீட்டர் முன்னேறும். நல்லதுதானே என்று அள்ளிப் போடாதீர்கள். மூன்று மடங்கைத் தாண்டினால் சின்னக் காற்றுக்கும் தலையைத் திருப்பும்.

மானகிரி ஆச்சி: ஒன்பது வயதுப் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். ராக்கெட் ராக்கெட் என்கிறான். நீங்கள் எழுதுவது ஒன்றும் புரியவில்லை.

இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம் ஆச்சி. 2 லிட்டர் சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், டயர் வால்வு செருகிய கார்க், சைக்கிள் பம்பு. அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் பாட்டில் கூடாது, சோடா பாட்டில்தான் தாங்கும். விடுவிக்கும் கயிறு 5 மீட்டர் நீளம் இருக்கட்டும். வளவுக்குள் வேண்டாம், ஓடு உடையும். வெளியே பொட்டலில் விடச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை அணி: பாராசூட் எவ்வளவு பெரிது? போன தடவை ராக்கெட்டைத் தேடி முள்ளுக்குள் அலைந்தோம்.

வட்டத் துணிப் பாராசூட், இழுவைக் கெழு 0.8, நாலரைக் கிலோவில் மருந்து எரிந்தபின் மிச்சம் 4 கிலோ சொச்சம். விநாடிக்கு 5 மீட்டரில் இறங்க விட்டம் 2.1 மீட்டர் வேண்டும். 6 மீட்டரில் இறங்கினால் பரவாயில்லை என்றால் 1.75 போதும்.

முள்ளுக்குள் போனதற்குக் காரணம் பாராசூட் அளவில்லை, அது விரிந்த உயரம். 750 மீட்டரில் பெரிய பாராசூட் விரிந்தால் இறங்க 150 விநாடி. காற்று விநாடிக்கு 5 மீட்டர் அடித்தால் முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போகும். நம் பக்கத்தில் முக்கால் கிலோமீட்டருக்குள் ஒரு சீமைக்கருவேலங்காடு இல்லாத கண்மாய் எது? உச்சியில் சின்னப் பாராசூட்டை மட்டும் விரித்து, 20 மீட்டர் வேகத்தில் 150 மீட்டர் உயரம் வரை இறக்கி, அதன்பின் பெரியதை விரியுங்கள். மொத்தம் ஒரு நிமிடம், தள்ளிப்போவது 300 மீட்டர். இதற்கு, காற்றழுத்தத்தை வைத்து உயரம் அறிந்து பாராசூட்டை விரிக்கும் ஆல்டிமீட்டர் வேண்டும்.

ஆடிக் காற்றில் பறக்கவிடத் தேதி குறிக்காதீர்கள். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்றிருந்தால் யாரும் ஏவக்கூடாது. மாசி, பங்குனியில் காலை ஏழு மணிக்கு முன்னால் அமைதியாக இருக்கும்.

அதே அணி: ஆல்டிமீட்டர் அறைக்கு ஓட்டை எவ்வளவு?

98 மில்லிமீட்டர் விட்டம், 200 நீளமுள்ள அறையின் கொள்ளளவு ஒன்றரை லிட்டர். அதற்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. ஒரே ஓட்டையாகப் போட்டால் பக்கக் காற்று ஏமாற்றும். சுற்றிலும் சம இடைவெளியில் 3 மில்லிமீட்டரில் நாலு போடுங்கள், பரப்பு அதேதான். ஓரத்துச் சில்லுகளை வழித்துவிடுங்கள். ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கேபிள் டையால் இறுகக் கட்டுங்கள். முடுக்கத்தில் முனை ஒரு கணம் விட்டாலே போதும், பாராசூட் வராது.

தேவகோட்டை டர்னர்: திரும்ப அதே இடத்துக்கு வருகிறேன். முன்பாரமான மோட்டார் என்றால் துடுப்பு, பிடிமானம் எல்லாம் அதிகம் தாங்க வேண்டுமே. உங்கள் ஆலோசனையால் செலவு கூடுகிறது.

கூடும். நாலரைக் கிலோவை 500 நியூட்டன் தள்ளினால் மோட்டார் தாங்கு வளையங்களில் அந்த 500உம் இறங்கும். இரண்டு 6 மில்லிமீட்டர் பிளைவுட் வளையமும் ஒழுங்கான பசைக்கரையும் இருந்தால் தாங்கும். கூடுதல் செலவு ஒரு டப்பா எப்பாக்சி. மெல்ல வெளியேறிச் சாய்ந்து விழும் ராக்கெட்டின் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிநாடு: இங்கே பழைய விமான ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது?

சும்மா கிடந்தாலும் அரசு இடம். எழுத்தில் அனுமதி இல்லாமல் கம்பிகூட ஊன்றாதீர்கள்.

அரியக்குடி: சர்க்கரை மருந்து...

இல்லை.

காரைக்குடி, மற்றொருவர்: மோட்டாரை வெளிநாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

கூடாது. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் தடை. இங்கே 1884 வெடிபொருள் சட்டம், 2008 விதிகள் உண்டு. உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தனியாளாக அலைவதைவிட, நடத்துபவர்களே மோட்டாரைக் கொடுத்து அவர்களே பொருத்தும் போட்டியில் சேருங்கள். உங்கள் வேலை மோட்டார் குழாயின் விட்டத்தை அவர்கள் கொடுத்த அளவுக்குச் சரியாக வைப்பது. 54 மில்லிமீட்டர் என்று சொன்னால் 54. 'கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம்' என்று போய் நின்ற அணிகள் திரும்பி வந்திருக்கின்றன.

கோட்டையூர் அணி: பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால்?

முதலில் ஏவுபெட்டியின் சாவியை எடுங்கள், பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். 60 விநாடி எண்ணுங்கள், யாரும் நகரக்கூடாது. பிறகு ஒரே ஒரு ஆள் போகட்டும். முதலில் ஆல்டிமீட்டரை அணைத்துவிட்டு, அதன்பின் பற்றவைப்புக் கம்பியை எடுக்க வேண்டும். ஜே வரை 30 மீட்டர், கே என்றால் 60, எல்லுக்கு 90, எம்முக்கு 150 மீட்டர் தள்ளி மற்றவர்கள் நிற்க வேண்டும். செல்போனில் படமெடுக்கிறவருக்கும் இதே தூரம்தான்.