கெட்டுப்போன மண்ணைச் சீர்செய்யும் படிப்பு: வாலாஜாவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

"பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பெண், கம்ப்யூட்டர் வேண்டாம், விஷமான மண்ணைச் சுத்தம் செய்யும் படிப்புதான் வேண்டும் என்கிறாள். மண் அள்ளுகிற வேலைக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டுவது?" என்று கேட்டிருந்தீர்கள். வேலை கிடைக்குமா, உடம்பு கெடுமா, பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்ற மூன்று பயங்களும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. மூன்றுமே நியாயமானவை. ஆனால் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதை முடிவு செய்யும் முன், அவள் சொல்கிற வேலை என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்து ஊரே போதும்.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகள் தயாரித்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, 2 லட்சம் டன்னுக்கும் மேலான அதன் குரோமியக் கழிவு மேடாக அங்கேயே நின்றுவிட்டது. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் தண்ணீர் கசிந்ததை உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். அந்த மஞ்சளுக்குக் காரணம் ஆறிணைதிறன் குரோமியம். அது நீரில் எளிதாகக் கரையும், நிலத்தடி நீரோடு நகரும், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. அதே குரோமியம் மூவிணைதிறன் நிலைக்கு மாறிவிட்டால் பெரும்பாலும் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும், நச்சும் வெகுவாகக் குறையும். ஆகவே இரும்பு சல்பேட் போன்ற ஒன்றைக் கலந்து அதை மாற்றிவிடலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். களத்தில் அது அத்தனை சுலபமில்லை. சுண்ணாம்பு சேர்த்து வறுத்தெடுத்த கழிவுத் துகள்களுக்குள் குரோமியம் பூட்டிக்கிடக்கும், வருடக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிவரும். மேலே தெளித்த மருந்து உள்ளே போய்ச் சேராது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மாறிய குரோமியம் மறுபடியும் பழைய நிலைக்கே திரும்பவும் கூடும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டு, இந்த இடத்துக்கு எது பலிக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. அவர்களில் ஒருவராகத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

இப்படி ஓர் இடத்தில் யாரெல்லாம் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் பழைய வரைபடங்களையும் ஆலைப் பதிவேடுகளையும் புரட்டி, எந்த மூலையில் எதைக் கொட்டினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து துளையிட்டு, ஆழம் ஆழமாக மண் மாதிரி எடுக்க வேண்டும். கண்காணிப்புக் கிணறுகள் போட்டு நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணிக்க வேண்டும். இது நிலவியல் படித்தவர் வேலை. மாதிரியைக் குளிரில் வைத்து, தாமதமில்லாமல் ஆய்வகத்தில் சேர்த்து, எந்த வடிவத்தில் எவ்வளவு உலோகம் என்று அளப்பவர் வேதியியலாளர். சுத்திகரிப்பு முறையை வடிவமைப்பது கெமிக்கல் என்ஜினீயர். தடுப்புச்சுவர், கழிவின் மேல் போடும் மூடி, மழைநீர் வடிகால் எல்லாம் சிவில் என்ஜினீயர். எண்ணெய்க் கசிவு என்றால் அதைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்க்க மைக்ரோபயாலஜி படித்தவர் வேண்டும்.

இன்னொருவரும் உண்டு. எவ்வளவு சுத்தம் போதும் என்று கணக்கிடுபவர். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதரசம் கலந்த மண்ணைக் கழுவி, பாதரசம் ஒட்டியிருக்கும் நுண்துகள்களைப் பிரித்து, சூடேற்றி ஆவியாக்கிப் பிடிப்பது என்று முறை வகுத்தார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற வரம்புக்கு அனுமதி கிடைத்தது. கீழே பாம்பார் சோலையும் வனவிலங்குச் சரணாலயமும் இருக்கும்போது இது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பது என் கருத்து. மழை எங்கே ஓடுகிறது, அந்த நிலத்தில் நாளை குழந்தைகள் விளையாடுவார்களா அல்லது லாரி நிறுத்துவார்களா, மீனில் எவ்வளவு சேரும் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அந்த எண்ணைச் சொல்லும் ஆள் நேர்மையாக இருக்க வேண்டும். பாடத்தில் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலைக்கென்று தனியாக ஓர் இளநிலைப் பட்டத்தைத் தேடாதீர்கள். விளம்பரத்தில் 'சுற்றுச்சூழல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, ஆய்வகமே இல்லாத கல்லூரியில் சேர்த்துவிடும் பெற்றோர்கள் பலர். பட்டம் கையில் இருக்கும், ஆனால் எந்த வேலை விளம்பரத்திலும் அந்தப் பட்டத்தின் பெயர் இருக்காது. இளநிலையில் அடிப்படைத் துறை ஒன்றை எடுக்கட்டும், முதுநிலையில் மண்ணுக்குப் போகட்டும். கணிதம் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் என் முதல் பரிந்துரை சிவில் அல்லது கெமிக்கல். கலந்தாய்வில் கெமிக்கல் கிடைக்காமல் சிவில் கிடைத்தாலும் இந்தத் துறைக்கு எந்தக் குறையும் இல்லை. பொறியியலே வேண்டாம் என்றால் சென்னை மாநிலக் கல்லூரியிலோ திருச்சி நேஷனல் கல்லூரியிலோ பி.எஸ்சி. நிலவியல் நல்ல தேர்வு. நம் வீடுகளில் நிலவியலை யாரும் யோசிப்பதே இல்லை. நிலத்தடி நீர் தெரிந்தவர் இல்லாமல் இந்தத் துறையில் ஒரு வேலையும் நகராது.

முதுநிலைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் இருக்கிறது. சென்னை ஐஐடியில் சிவில் துறைக்குள்ளேயே சுற்றுச்சூழல், நீர்வளப் பிரிவு இருக்கிறது. பொறியியல் முதுநிலைக்கான நுழைவுத் தேர்வான கேட் (GATE) தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கென்று தனித்தாள் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டிலேயே அதற்குத் தயாராகத் தொடங்கினால் நல்லது. கோடை விடுமுறையில் சென்னை தரமணியில் இருக்கும் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மையத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம்தான் நாட்டின் பல மாசுபட்ட இடங்களுக்கு ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பது. அங்கே ஒரு மாதம் மாதிரி எடுத்துப் பழகினால், இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, இனி கூடும். நாட்டில் 103 இடங்கள் மாசுபட்டவை என்று அடையாளம் காணப்பட்டும், அவற்றில் 7 இடங்களில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. இத்தனை காலம் இதற்கென்று தனிச் சட்ட நடைமுறை இல்லாததே பெரிய காரணம். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்ய வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். அமெரிக்காவில் 1980-இல் இத்தகைய சட்டம் வந்த பிறகுதான் அங்கே இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நம் விதிகள் எவ்வளவு வேகமாக நடைமுறைக்கு வரும் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே வளர்ச்சி. எனவே சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெரிய ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் என்று எல்லாக் கதவுகளையும் அவள் தட்ட வேண்டியிருக்கும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆரம்பச் சம்பளம் ஐடி நண்பர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முதுநிலையும் நாலைந்து வருடக் கள அனுபவமும் சேர்ந்த பிறகுதான் கை ஓங்கும். வீட்டில் அவசரக் கடன் இருந்தால் அதை இப்போதே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றிய பயத்துக்கு என் பதில் இது: ஆபத்து உண்டு, ஆனால் அது தெரிந்த ஆபத்து. எந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிந்து, அதற்கேற்ற முகக்கவசம், கையுறை, உடை, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை என்று ஒழுங்காக நடத்தும் இடத்தில் வேலை செய்பவருக்கு, விவரம் தெரியாமல் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவரைவிடப் பாதுகாப்பு அதிகம். இதையெல்லாம் செய்யாத நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே நேர்முகத் தேர்விலேயே அவள் கேட்கட்டும்: பாதுகாப்பு உடை யார் வாங்கித் தருவார்கள், மருத்துவப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, களத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, வெளியூரில் தங்க ஏற்பாடு என்ன, தனியாக அனுப்புவார்களா. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் நிறுவனம் அவளுக்கு வேண்டாம். களமே ஒத்துவராவிட்டால் ஆய்வகம், கணினியில் நிலத்தடி நீர் மாதிரியாக்கம், இடர் மதிப்பீடு என்று கூரைக்குக் கீழே செய்யும் வேலைகளும் இதே துறையில் உள்ளன.

கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் (சாய்ஸ் ஃபில்லிங்) முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சுற்றுச்சூழல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உலோகத்தை அளக்கும் கருவி ஓடுகிறதா, மாணவர்கள் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று கேளுங்கள். பார்த்துவிட்டு வந்து பட்டியலை எனக்கு அனுப்புங்கள், வரிசையை உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.