மெக்சிகோ தெருச்சோளம்: சட்டி காயட்டும், மயோனைஸ் குறையட்டும்

போன முறை மெக்சிகோவின் எஸ்கீத்தேஸ் பற்றி, அதாவது மயோனைஸ், சீஸ், எலுமிச்சை கலந்த தெருச்சோளம் பற்றி, சாலட் என்று சொல்லி நாலே வரி எழுதினேன். வந்த கேள்விகள் ஒரு கட்டு. பாதிப் பேருக்குக் குழைந்துவிட்டது, மீதிப் பேர் சீஸ் கிடைக்காமல் நின்றுவிட்டார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே சோளம் என்று நான் சொல்வதெல்லாம் மக்காச்சோளம்தான். கம்பு, கேழ்வரகோடு சேர்த்துச் சொல்கிற நம் சோளம் இல்லை.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: "கொஞ்சம்", "தேவைக்கு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே மேடம், அளவு சொல்லக் கூடாதா?

தப்பு என்னுடையதுதான். நாலு பேருக்கு நடுத்தர அளவு ஸ்வீட் கார்ன் 5 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதிருக்கு முக்கால் கப் முத்து வரும். ஆக மொத்தம் நாலு கப்புக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, மயோனைஸ் 2 மேஜைக்கரண்டி, உதிர்த்த சீஸ் 60 கிராம், நசுக்கிய பூண்டு ஒரு பல், பொடியாக அரிந்த பச்சைமிளகாய் 1, வெங்காயத்தாள் இரண்டு, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் 1, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி.

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி முத்துகளைப் போடுங்கள். போட்டவுடன் கரண்டியைத் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே கிடக்கட்டும். அடிப்பக்கம் பழுப்பும் கருப்புமாகப் புள்ளி விழுந்ததும் ஒரு புரட்டு, மறுபடி இரண்டு நிமிடம். அடுப்பை அணைத்து, வெண்ணெயும் பூண்டும் சேர்த்துக் கிளறி, பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். உப்பு கடைசியில், ருசி பார்த்து. சீஸிலும் மயோனைஸிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

கோவையிலிருந்து: சொன்னபடிதான் செய்தேன். கார்ன் சூப் மாதிரி வந்தது. வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன சோளம் என்று நீங்கள் எழுதவில்லை. ஃப்ரீசரிலிருந்து பாக்கெட்டைப் பிரித்து நேரே சட்டியில் கொட்டியிருப்பீர்கள் என்பது என் ஊகம். இந்தப் பதார்த்தம் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். சட்டியில் நீர் இருக்கும்வரை சோளத்தின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை வேகுமே தவிர நிறம் ஏறாது. ஐஸ் போக வைத்திருந்து, வடிகட்டி, பருத்தித் துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். புதுக் கதிர் என்றால் இந்த வேலை இல்லை, உதிர்த்து அப்படியே போடலாம்.

இரண்டாவது, நெரிசல். நாலு கப்பையும் ஒரே சட்டியில் குவித்தால் அடியில் இருப்பதன் ஆவி மேலே இருப்பதை அவித்துவிடும். இரண்டு ஈடாகப் போடுங்கள், ஒவ்வொரு ஈடும் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். மூன்றாவது, சூட்டோடு மயோனைஸ் கலப்பது. சூட்டில் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியாக ஓடும். அந்த எண்ணெயில் சீஸும் ஊறினால் நீங்கள் சொல்கிற சூப்தான். அப்புறம், தக்காளி போட்டீர்களா? போடவே போடாதீர்கள்.

சேலம் வாசகர் ஒருவர்: சோளம் வெடித்து முகத்தில் தெறிக்கிறது. பாப்கார்ன் ஆகிவிடுகிறதா?

பாப்கார்ன் ஆகாது. அதற்குக் கெட்டித் தோலும், 14 சதவீத அளவில் ஈரமும் உள்ள காய்ந்த முத்து வேண்டும். இது பால்முத்து. உள்ளே நிறைய நீர், மேலே மெல்லிய தோல். ஆவி அழுத்தம் தாங்காமல் தோல் கிழிகிறது, அவ்வளவுதான். நானும் ஒரு முறை மூக்குக்கண்ணாடி புண்ணியத்தில் கண் தப்பினேன். துளையுள்ள தட்டையோ வடிதட்டையோ கவிழ்த்து மூடுங்கள். இறுக்கமான மூடி வேண்டாம், ஆவி உள்ளேயே நின்றுவிடும். பயமாக இருந்தால் முழுக் கதிரையும் நேரடித் தணலில் திருப்பித் திருப்பிச் சுட்டு, ஆறிய பிறகு கத்தியால் சீவி எடுங்கள். சொல்லப்போனால் எனக்கு அந்த ருசிதான் பிடிக்கும்.

சிங்கப்பூரிலிருந்து: வேலை விஷயமாக மெக்சிகோ சிட்டியில் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே யாரும் இதைச் சாலட் என்று சொல்லிக் கேட்டதில்லை. சுடச்சுட, கொஞ்சம் சாறோடு கப்பில்தான் கொடுத்தார்கள்.

சரியாகப் பிடித்தீர்கள். குளிர்ந்த சாலட், அதில் வெங்காயமும் பச்சைமிளகாயும், விருந்து மேஜையில் பெரிய கிண்ணம் என்பதெல்லாம் அமெரிக்கச் சமையலறைகளில் வளர்ந்த வடிவம். மூலம் மாலை நேரத் தள்ளுவண்டிதான். பெரிய பாத்திரத்தில் சோள முத்து, உப்பு, மிளகாய், எப்பஸோத்தே என்கிற வாசனை இலை எல்லாம் சேர்ந்து கொதிக்கும். கேட்டதும் ஒரு கப்பில் அள்ளி, எலுமிச்சை பிழிந்து, மயோனைஸ் ஒரு கரண்டி, சீஸ் ஒரு தூவல், மிளகாய்த்தூள் என்று அடுக்கிக் கொடுப்பார்கள். முழுக் கதிராகக் குச்சியில் செருகித் தந்தால் அது எலோத்தே. இளங்கதிரைக் குறிக்கும், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவட்டில் சொல்லிலிருந்து வந்த பெயர். எஸ்கீத்தேஸும் அதே மொழிதான், வறுத்த சோளத்தைக் குறிக்கும் "இஸ்கித்ல்" என்ற சொல்லிலிருந்து. ஆக, சட்டியில் வறுப்பதை யாராவது புதுப்பழக்கம் என்றால், பெயரிலேயே வறுவல் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஊருக்கு ஊர் பெயரும் மாறும். மொந்தெர்ரே பக்கம் திரோலெலோத்தே, அகுவாஸ்காலியெந்தெஸில் சாஸ்கா. தலைநகரில் கோழிக்கால் போட்டும், எலும்பு மஜ்ஜை போட்டும் விற்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து அதற்குள்ளேயே சோளத்தைக் கொட்டிக் கொடுக்கும் கூத்தும் உண்டு.

வீட்டில் அந்தச் சாறு வேண்டுமென்றால், வறுத்த சோளத்தில் ஒரு கப் வெந்நீர், வெண்ணெய், கீறிய பச்சைமிளகாய் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பரிமாறும்போது கப்பிலேயே மயோனைஸ், சீஸ் சேர்க்க வேண்டும், பாத்திரத்தில் அல்ல.

அதே எப்பஸோத்தே பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தேடி அலைய வேண்டாம். மண்ணெண்ணெய் சாயலில் ஒரு நெடி அதற்கு, மாற்று எதுவும் கிடையாது. கொத்தமல்லி போடுங்கள். ருசி வேறுதான், ஆனால் நன்றாகவே இருக்கும்.

மதுரையிலிருந்து: கொத்தீஹா சீஸ் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் இருக்கும் சீஸ் துண்டைத் துருவிப் போட்டேன், பசை மாதிரி ஒட்டிக்கொண்டது அக்கா.

பதப்படுத்திய சீஸ் உருகுவதற்கென்றே செய்தது, உருகத்தான் செய்யும். கொத்தீஹா உருகாத ரகம். மிச்சோவாக்கான் மாநிலத்தில் கொத்தீஹா என்ற ஊர் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. பசும்பாலில் செய்து, உப்பேற்றி, மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். கையால் நொறுக்கினால் மணல்போல உதிரும். இந்தப் பதார்த்தத்தில் சீஸின் வேலை இழுபடுவது அல்ல, உப்பாக நடுநடுவே அகப்படுவதுதான்.

ஃபெட்டா கிடைத்தால் அதுதான் கிட்ட வரும். தண்ணீரை ஒற்றிவிட்டு உதிர்த்துப் போடுங்கள். பார்மெசான் துருவலும் சேரும், ஆனால் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும்: இத்தாலியின் அசல் பார்மெசானில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. மற்ற சீஸ்களுக்கும் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டும் வேண்டாம் என்றால் பனீர். அதுவும் சூட்டில் உருகாது, அந்த விதத்தில் கொத்தீஹாவுக்கு உறவுதான். குறை என்னவென்றால் உப்பும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை. 100 கிராம் பனீரை உதிர்த்து, முக்கால் தேக்கரண்டி உப்பும் சில சொட்டு எலுமிச்சையும் பிசிறி, துணியில் கட்டி, மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வெறும் சட்டியில் ஒரு நிமிடம் புரட்டினால் மீதி ஈரமும் போய்விடும். மெக்சிகோக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஆங்கிலக் குறிப்பு ஒன்றில் "லைம்" சேர்க்கச் சொல்கிறார்கள். மெக்சிகோவில் சோளத்துக்குச் சுண்ணாம்பு போடுவார்கள் என்று எங்கோ படித்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா?

நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தீர்கள். இங்கே லைம் என்றால் எலுமிச்சை மட்டும்தான். ஆனால் நீங்கள் படித்ததும் பொய்யில்லை. முற்றிக் காய்ந்த சோளத்தை அங்கே சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைக்கிறார்கள். தொர்த்தியா என்கிற அவர்கள் ரொட்டிக்கான மாவு அப்படித்தான் வருகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்பு ஏற்கும்படி விடுவிக்கிறது. சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தப் பக்குவம் கூடவே போகவில்லை. சோளமே சாப்பாடாக வாழ்ந்த ஏழைகளுக்கு வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நியாசின் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. எஸ்கீத்தேஸில் போடுவது பால்முத்து, அதற்கு இந்தப் பக்குவம் தேவையில்லை.

இன்னொன்று: மெக்சிகோவில் பிழிகிற சின்ன எலுமிச்சையும் நம் வீட்டு எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியப் பழம், ஸ்பானியர் கொண்டுபோனது. மிளகாய் எதிர்த்திசையில் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. கடற்கரையில் சுட்ட சோளத்தின்மேல் எலுமிச்சை மூடியால் மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்துத் தருகிறார்களே, அதையும் எலோத்தேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மிடம் இல்லாதது மயோனைஸும் சீஸும்தான்.

என்ன மிளகாய்த்தூள்? (தஞ்சாவூர்)

சாம்பார்ப் பொடி மட்டும் வேண்டாம், மல்லி வாசனை கெடுத்துவிடும். அங்கே பிக்கீன் மிளகாய், குட்டியாக, சுருக்கென்று. நம் காய்ந்த மிளகாயை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தால் போதும். நிறத்துக்குக் கொஞ்சம் காஷ்மீரி சேர்க்கலாம். தஹீன் என்ற மெக்சிகோத் தூள் கிடைத்தால் அதில் உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தே வரும், உங்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மயோனைஸ் வீட்டிலேயே முட்டை அடித்துச் செய்யலாமா? பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் வைக்க வேண்டும்.

பச்சை முட்டை வேண்டாம். சால்மொனெல்லா கிருமி பயத்தால்தான் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். முட்டையில்லாத பாட்டில் மயோனைஸ் இதற்குப் போதும். தித்திப்பாக இருந்தால் எலுமிச்சை கூடுதலாகப் பிழியுங்கள். இல்லாவிட்டால் தொங்கவிட்ட கெட்டித் தயிரும் மயோனைஸும் பாதிப் பாதி. மெக்சிகோவிலும் புளித்த பாலாடை மாதிரியான க்ரேமா சேர்ப்பவர்கள் உண்டு, அதனால் தயிர் ஒன்றும் அந்நியமில்லை. எதுவானாலும் முத்தின்மேல் தூள் ஒட்டுகிற அளவுதான்.

டிபன் பாக்ஸ் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. இந்த மாதிரிக் கலவை வெளியில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வைக்கக் கூடாது. மதியம்வரை பையில் இருக்கப் போவதை நினைத்துப் பாருங்கள். வெண்ணெய், எலுமிச்சை, மிளகாய்த்தூள் மட்டும் சேர்த்த வறுத்த சோளத்தைக் கட்டிக்கொடுங்கள். மயோனைஸ் போட்டதை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடட்டும்.

கடைசியாகத் தேனியிலிருந்து: எங்கள் தோட்டத்தில் விளையும் நாட்டு மக்காச்சோளத்தில் செய்யலாமா? தித்திப்பே இல்லையே.

தாராளமாக. அங்கேயும் பெரும்பாலும் தித்திப்பில்லாத வெள்ளைச் சோளம்தான், நம் ஸ்வீட் கார்ன் ரகம் அல்ல. மாவுச்சத்து அதிகம், மெல்ல மெல்ல ருசி வரும். நகத்தால் கிள்ளினால் பால் தெறிக்கிற பருவத்தில் பறியுங்கள். பறித்த அன்றே செய்துவிடுங்கள், வைக்க வைக்கச் சர்க்கரை மாவாக மாறிவிடும். இது வறுத்தால் மட்டும் வேகாது. முதலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்ட நீரில் இருபது நிமிடம் வேகவைத்து வடித்துவிட்டு, அப்புறம் சட்டிக்குக் கொண்டுபோங்கள். அங்கே சோடாவுக்குப் பதில் தெக்கெஸ்கீத்தே என்று ஏரிக்கரை மண்ணில் படியும் உப்பைப் போடுவார்கள்.